வேற்றுக்கிரகத்தானுக்குச் சிவ கோத்திரம்

கருப்பையாவின் கை ஒடிந்ததற்கு நீதான் காரணம். தடியை எடுத்தவன் உன் மாமா மகன் செந்தில். அவனை எழுப்பிவிட்டது உன் வாய். இதை உனக்கு நேராகவே இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு, இங்கே பனி கொட்டுகிறது, கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன், நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டாய். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை அம்மா தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரும், ராசு. வரட்டும். இது தெருவில் நடந்த விஷயம். வீட்டு விஷயம் என்று சொல்லி மூடப் பார்க்கிறவர்கள் நீயும் உன் மாமாவும்தான். கோடை விடுமுறை கழிந்து கோர்ட் திறந்ததும் கருப்பையாவின் மேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வருகிறது. அவனுக்கு அரசாங்கத்தில் வயர்மேன் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. வழக்கில் தண்டனை ஆனால் அந்த உத்தரவைக் கிழித்துப் போடவேண்டியதுதான். அவன் வீட்டில் முதன்முதலாக வந்த அரசாங்கக் காகிதம் அது.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே இருக்கும் நம் ஊரில் ஊராட்சிப் பள்ளிக்கூடத்து டீச்சர் நான். உன் அப்பா இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தவள் என்பதோடு, உனக்கும் கருப்பையாவுக்கும் ஒன்றாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். ஊரில் நம் வீடு. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் அவன் வீடு. வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தீர்கள். அவனுக்கு உன்னைவிடக் கணக்கு வேகமாக வரும்; உனக்கு அவனைவிடப் பேச்சு வேகமாக வரும். எழுபத்தொன்பதில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்கூடம் தலையில் விழப்போகிறது என்று ஊரே கதிகலங்கிக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? கடனுக்கு ஆடு பிடித்து அறுத்துத் தின்றவர்கள் உண்டு. சிவன் கோயில் மேல் மட்டும் எதுவும் விழாது என்று சொல்லி, தர்மகர்த்தாவாக இருக்கும் உன் மாமா சிறப்புப் பூஜை வைத்து, ஊரை எல்லாம் கோயிலுக்குள் கூட்டினார். காலனிக்காரர்கள் வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். வானம் இடிந்து விழும் என்று நம்பிய அன்றைக்கும் அவர்களுக்கு இடம் புளியமரத்தடிதான். நான் பதறிப்போய், "டேய் கருப்பையா, பள்ளிக்கூடத்துக்குள்ளயாவது போய் உக்காருங்கடா" என்றேன். அவன் சிரித்தான். "ஸ்கைலாப்புக்கு எங்க காலனிக்கு வழி தெரியுமா டீச்சர்? வாய்க்கால் வெட்ட வாரேன்னு சொன்ன ஆபீசருக்கே இம்புட்டு நாளா வழி தெரியல." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்போது நீ கோயில் வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாய்.

வானத்தைப் பற்றிய பைத்தியம் உனக்கு அந்த வாரத்தில்தான் பிடித்தது. பசுமலையில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் உன்னைச் சேர்த்தேன். வேதபாட வகுப்பில் நீ எழுந்து, "சார், வேற கிரகத்துல மனுசங்க இருந்தா ஏசு அங்கயும் போயி சிலுவையில தொங்கணுமா?" என்று கேட்டாயாம். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்த வாத்தியார் அடிக்கவில்லை. "அவங்க நம்மள மாதிரி பாவம் செய்யாதவங்களா இருந்தா அந்தத் தேவையே வராது தம்பி. செஞ்சவங்களா இருந்தா அவரு செஞ்சதுல அவங்களுக்கும் பங்கு உண்டு. என் கவலை அது இல்ல. எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சாதி பிரிச்சு ஒரு சுவர் இருக்கு. அவங்கள்ல ஒருத்தர் இங்க வந்து செத்தா எந்தப் பக்கம் புதைக்கிறதுன்னு சபை கூடிச் சண்டை போடுவோமே, அதுதான் என் கவலை" என்று சொன்னாராம். லீவுக்கு வந்தபோது நீயே இதை என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டு, "என்னா மனுசன்மா!" என்று வியந்தாய். ஆகவே உனக்குத் தெரியாது என்று சொல்லி உன்னைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. சுவர் எங்கே இருக்கிறது என்று பதினைந்து வயதிலேயே ஒருவர் உனக்குக் காட்டிவிட்டார்.

பிறகு பல்கலைக்கழகம், பௌதிகம், முதல் வகுப்பு. நட்சத்திரங்களிலிருந்து யாராவது ரேடியோ அலையில் பேசுகிறார்களா என்று காது வைத்துக் கேட்கும் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் உனக்கு இடம் கிடைத்தது. ஊரே பூரித்துப்போனது. மார்கழித் திருவாதிரையன்று கோயிலில் உனக்குப் பரிவட்டம் கட்டுவது என்று உன் மாமா முடிவு செய்தார். நீ திரும்பி வந்ததும் தன் மகளை உனக்குக் கட்டுவது என்றும் அதே மூச்சில் முடிவு செய்தார். "மாப்ள சும்மா மாலை வாங்கிட்டுப் போகக் கூடாது. ஒரு அரை மணி நேரம் பேசணும். வேற உலகத்துல உயிரு இருக்கா, நம்ம மதம் அதுக்கு என்ன சொல்லுதுன்னு நம்ம சனத்துக்குப் புரியுறாப்புல பேசுங்க" என்றார். நீ உற்சாகமாகத் தயாரானாய். எல்லோரையும் போய்க் கேட்டாய். உனக்குச் சட்டைத்துணி எடுக்க மதுரைக்குப் போனோமே, அந்தக் கடை பாய்கூட, "ஆண்டவன் உலகங்களுக்கெல்லாம் இறைவன்னுதான் தம்பி தொழுகையில சொல்றோம். ஒரே ஒரு உலகத்துக்குன்னு சொல்லல" என்று துணியைக் கிழித்தபடியே சொன்னார். "பாத்தீங்களாம்மா, எல்லா மதத்துலயும் இடம் இருக்கு" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னாய். இடம் இருக்கும், ராசு. வராதவனுக்கு இடம் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவன் நம் கிணற்றில் தண்ணீர் இறைக்கப்போகிறானா, நம் தெருவில் செருப்புப் போட்டு நடக்கப்போகிறானா?

நம் குருக்களிடமும் போனாய். அன்று நானும் உடன் இருந்தேன். அர்ச்சனைத் தட்டோடு வருகிறவரிடம் அவர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் கேட்பார் அல்லவா, அதை வைத்து நீ அவரை மடக்கப் பார்த்தாய். "சாமி, வேற கிரகத்துலேர்ந்து ஒருத்தன் வந்து அர்ச்சனைக்கு நின்னா என்ன செய்வீங்க? அவனுக்கு ஏது கோத்திரம்?" குருக்கள் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கோத்திரம் தெரியலேன்னா சிவ கோத்திரம்னு சொல்லிடுவோம். இது காலங்காலமா இருக்கற வழக்கம்தான்." "நட்சத்திரம்?" "அது தெரியலேன்னா சுவாமி நட்சத்திரம், திருவாதிரை." "பேரே இல்லாத ஆளா இருந்தா?" "பேர் இல்லாதவன்தானேப்பா உள்ளே உக்காந்திருக்கான். அவனே கோவிச்சுக்கலே, எனக்கென்ன?" நான் அந்த மனிதரை அன்றைக்கு மனதார மதித்தேன். அண்டங்கள் கோடி, அத்தனையிலும் உயிர் உண்டு, எந்த உயிரும் அவனுக்கு அந்நியம் இல்லை என்று அவர் சொன்னதை நீ அப்படியே குறித்துக்கொண்டாய். எனக்கும் கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் வார்த்தையைக் கேட்டால் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடும் வழக்கம் நம் வீட்டுக்கே உண்டு. அதே சிவ கோத்திரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைச் சேர்க்கலாமா என்று நான் அவரைக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

திருவாதிரைக்கு மைக்செட் போட்டவன் கருப்பையா. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அவன் வாடகைக்கு மைக்செட் விட்டுத்தான் பிழைத்தான். கோயிலில் அவனுடைய மைக் உள்ளே போகும், அவன் போகக் கூடாது. ஆம்ப்ளிஃபையர் பெட்டியோடு தெருவுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். வயரையும் மைக்கையும் வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்பான். செந்தில் வந்து அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போவான். அன்று காலையிலும் அப்படித்தான் நடந்தது. "மைக்குல ரொம்பத் தெளிக்காதீங்கண்ணே. தண்ணி உள்ள எறங்குச்சுன்னா சாமிக்கும் ஷாக்கடிக்கும்" என்று கருப்பையா சொன்னதைக் கேட்டு நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் சிரித்துவிட்டோம். செந்தில் சிரிக்கவில்லை. "வாய் ரொம்ப நீளுதுடா உனக்கு. வேலைக்கு ஆர்டர் வந்த கொழுப்பா?" என்றான்.

அபிஷேகம் முடிந்து மண்டபத்து மேடையில் நீ பேசினாய். நன்றாகப் பேசினாய், பொய் சொல்ல மாட்டேன். பால்வெளியில் எத்தனை சூரியன்கள் என்று நீ சொன்னபோது, கால் நீட்டி உட்கார்ந்திருந்த கிழவிகள்கூட வாயைப் பிளந்தார்கள். குருக்கள் சொன்ன சிவ கோத்திரத்தைச் சொன்னாய். "திருவாதிரை நட்சத்திரத்துலேர்ந்தே ஒருத்தன் இறங்கி வந்தாலும் அவன் நமக்கு அந்நியன் இல்லை. எந்த உருவத்துல வந்தாலும் அவனுக்குள்ளயும் சிவன்தான் இருக்கார். இந்தக் கோயில் வாசல் அவனுக்குத் திறந்திருக்கும்!" என்று கையை நீட்டினாய். மேடை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. நீ கையை நீட்டிய திசையில், திறந்த வாசலுக்கு வெளியே, தெருவைத் தாண்டி, கருப்பையா தன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டில் தூணுக்குப் பின்னால் இருந்த எங்களுக்கு அவன் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் கோபுரத்தில் கட்டியிருந்த ஹார்னிலிருந்து அவன் குரல் வந்தது. சத்தம் சோதிக்க அவன் பெட்டியோடு வைத்திருக்கும் இன்னொரு மைக்கில் அவன் பேசினான்.

"ராசு, நான் கருப்பையா பேசுறேன். நல்லாப் பேசுன. ஒரே ஒரு சந்தேகம்ப்பா. வேற கிரகத்துலேர்ந்து வாரவனுக்குக் கோத்திரம் இருக்கு, நட்சத்திரம் இருக்கு, வாசல் தொறந்திருக்கு. ரொம்பச் சந்தோசம். அந்த ஆளு ஊருக்குள்ள எறங்காம எங்க காலனியில எறங்கிட்டான்னு வையி. பசிக்குதுன்னு எங்க வீட்டுல ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டு, அப்புறம் கோயிலுக்கு வாரான். அவன உள்ள விடுவீங்களா, புளியமரத்தடியில நிப்பாட்டிருவீங்களா?"

அவ்வளவுதான் அவன் கேட்டது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. குரலில் சிரிப்புக்கூட இருந்தது; ஒரே பலகையில் உட்கார்ந்தவன் கேட்கிற தொனி. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் பட்டென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில் உன் மாமாவோடு உட்கார்ந்திருந்த குருக்கள் தலையைக் குனிந்துகொண்டார். நீ உன் மாமா முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமி, "கருப்பையா, இது ஆன்மிகமும் விஞ்ஞானமும் பேசுற இடம். அரசியல் வேண்டாம்" என்றாய். அந்த வார்த்தையை எங்கே பிடித்தாய்? உன் மாமா பஞ்சாயத்தில் பேசுகிற வார்த்தை அது. காலனிக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டால் அரசியல். பிள்ளைகளை டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் குடிக்க விடு என்றால் அரசியல். கேட்டது கேள்வி என்று நீ ஒப்புக்கொண்டிருந்தால், 'பதில் தெரியவில்லை' என்றாவது சொல்லியிருந்தால், செந்தில் உட்கார்ந்த இடத்தில்தான் இருந்திருப்பான். நீ அரசியல் என்று சொன்ன பிறகுதான் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். கூடவே ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். ஹார்னில் முதலில் "அண்ணே, அண்ணே, பெட்டிய விட்டுருங்கண்ணே" என்று கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். அப்புறம் அதுவும் நின்றுபோனது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். உன் மாமா பரிவட்டத்தோடு நின்றார். நீ குனிந்து தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அடித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. நான்தான் அவனை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வண்டியில் போகும்போது அவன் அம்மா, "உங்க மகன் ஒரு வார்த்தை நிறுத்துங்கடான்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்களே டீச்சர்" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ நான்காம் நாள் விமானம் ஏறினாய். அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "போனா மாமா சங்கடப்படுவார்மா" என்றாய்.

இனி வழக்கைக் கேள். அடிபட்டவன் கொடுத்த புகார் ஸ்டேஷனில் தூங்குகிறது. அடித்தவர்கள் கொடுத்த புகார் எழுந்து கோர்ட்டுக்குப் போய்விட்டது. கோயிலுக்குள் நுழைந்தான் என்று எழுத முடியாது. அது சட்டப்படி குற்றம் இல்லை. ஆகவே, மேடைக்கு ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினான், சாமியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், தடுக்கப் போன செந்திலைத் தாக்கினான், ஓடும்போது படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான் என்று எழுதிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி. நான் கருப்பையா பக்கம் சாட்சி சொல்லப் பெயர் கொடுத்திருக்கிறேன். அவன் வக்கீல் என்னை ஒத்திகை பார்த்தார். "அவர் பேசினதைக் கேட்டீங்க. எங்க நின்னு பேசினார்னு பாத்தீங்களா டீச்சர்?" இல்லை, மேடைக்கு வரவில்லை என்றுதான் சொல்ல முடியும்; வாசல் பக்கத்தைத் தூண் மறைத்தது. "அப்ப குரல் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" மேலே இருந்து என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "மேலேருந்துன்னு சொன்னா கோர்ட்டே சிரிக்கும்மா. எதிர்க்கட்சி வக்கீல், அசரீரியான்னு கேப்பாரு."

அவன் மரத்தடியை விட்டு நகரவில்லை என்பதைப் பார்த்தவர்கள் மேடையில் இருந்த மூன்று பேர்தான். உன் மாமா சொல்லமாட்டார். குருக்கள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் மாமி உள்ளே போய்விட்டாள். "நான் பார்த்தேன்மா, இல்லேன்னு சொல்லலே. எனக்கு இருக்கறது கோயில் வீடு. நாளைக்கே காலி பண்ணுன்னா நாலு குழந்தைகளோட எங்க போவேன்?" என்று கையைக் கூப்பினார். கோடி அண்டத்துக்கும் கோத்திரம் கொடுத்த வாய் அது. எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனாலும் அவருக்கு ஒரு பயம் இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. உனக்கு என்ன பயம்? உன் வீட்டை யார் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள்? மாமா பெண் கொடுக்காமல் போய்விடுவார், அவ்வளவுதானே? போகட்டும். அந்தப் பெண்ணும் பிழைத்துப்போவாள்.

உன் மாமா நேற்று வீட்டுக்கு வந்தார். "ஏந்தாயி, சொந்த அண்ணன் மகனை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? அந்தப் பய உனக்கு என்ன சோறா போடப்போறான்?" என்றார். "அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே. அந்த ஆளை உள்ள விடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேன். "எந்த ஆளை?" என்றார். "காலனியில கஞ்சி குடிச்சுட்டு வாரவனை." கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், ராசு, நெற்றி சுருங்கியது. பிறகு, "குளிச்சுட்டு வந்தா பரிகாரம் ஏதாச்சும் இருக்கான்னு குருக்களைக் கேக்கணும்" என்றார். இதுதான் நம் ஊரின் சமயக் கருத்து. வானத்திலிருந்து இறங்குகிறவனுக்குக்கூடப் பரிகாரம் தேடத் தயாராக இருக்கிறோம். ஓடையைத் தாண்டி வருகிறவனுக்குப் பரிகாரமே கிடையாது. அவனுக்குத் தடிதான்.

பெரிய தட்டு ஒன்றை வானத்தைப் பார்த்து நிறுத்தி, ராத்திரி பகலாகக் கேட்கிறோம், இன்னும் ஒருவரும் பேசவில்லை என்று அங்கே போய்ச் சேர்ந்ததும் போட்ட கடிதத்தில் எழுதியிருந்தாய். பேசினால் என்ன செய்வாய்? உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் மொழியில், ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒருவன் கேள்வி கேட்டான். நீ அவனுக்குச் செய்தது எனக்குத் தெரியும்.

அங்கே இந்தியத் தூதரகத்தில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, வாக்குமூலம் அனுப்பலாம் என்று வக்கீல் சொல்கிறார். உன்னிடம் மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. சாதியை ஒழிக்கச் சொல்லவில்லை. ஊருக்கு வரக்கூடச் சொல்லவில்லை. கருப்பையா கடைசிவரை தெருவுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில்தான் இருந்தான், அவன் யாரையும் திட்டவில்லை, செந்திலும் மற்றவர்களும் போய் அவனை அடித்தார்கள், மேடையில் நின்று நான் பார்த்தேன் என்று எழுது. வக்கீல் விலாசத்தை என் இரண்டு கடிதத்திலும் எழுதியிருந்தேன். அவன் பெயரை நானே சுருக்கி எழுதியதுபோல் நீயும் எழுதாதே. அவன் அப்பா பெயரோடு முழுதாக எழுது. கோர்ட் திறப்பதற்குள் அது வந்து சேரவேண்டும். எழுதுவாயா, மாட்டாயா? சொல்.